முதல் பக்கத்துப் பதினொரு நாட்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஜெர்மனியில், பான் நகரத்துத் தமிழ்க் கடை ஒன்றின் கார் நிறுத்துமிடம். நேரம் பகல் பதினொன்று. தேதி ஜூலை பதின்மூன்று. கையில் முருங்கைக்காய்க் கட்டு.

மர்மத்தொடர் எழுதுகிறவன் இப்படித் தொடங்கக் கூடாது. முதல் வரியில் ஒரு பிணம் வேண்டும். குறைந்தபட்சம், பிணமாகப் போகிற ஆளாவது வேண்டும். இருபத்தாறு வருடம் வாரப் பத்திரிகைக்குத் தொடர் எழுதிக் களைத்துவிட்டேன். இந்த முறை முருங்கைக்காய்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன் அடித்தது. பரராசசிங்கம்.

“அண்ணை, மிதுவின்ர கடிதம் உங்களுக்கு வந்திட்டுதோ?”

“எந்தக் கடிதம்?”

“யூனி மாறுறதுக்கு எழுதுற கடிதம். உங்களுக்கு அனுப்பிப்போட்டன் எண்டவள். எனக்குக் காட்டுறாள் இல்லை. நீங்கள் ஒருக்காத் தொட்டு விடுங்கோ. உங்கட கை ராசியான கை.”

தொட்டு விடுவது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். எங்கள் ஊர் என்றால் பான்தான். இங்குள்ள தமிழ் வீடுகளிலிருந்து ஒரு விண்ணப்பம் ஜெர்மன் அரசாங்கக் கந்தோருக்குப் போகுமுன் என் கைக்கு வரவேண்டும். வீட்டு விண்ணப்பம், வேலைப் பயிற்சி விண்ணப்பம், குடியுரிமை விண்ணப்பம், எல்லாம். நான் எதையும் திருத்துவதில்லை. பிள்ளைகளின் ஜெர்மன் என்னுடையதைவிட நூறு மடங்கு நல்லது. ஒரு கமா போடுவேன். அவர்களுக்கு அது போதும்.

ஏன் இந்தப் பழக்கம் வந்தது என்பதை மூன்றாம் பகுதிவரை ஒளித்து வைக்கிறேன். தொழில் புத்தி. விடாது.

2

அடுத்த வரிகளைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘மிதுஷாவின் விரல் மடிக்கணினியின் மேல் நடுங்கியது. இன்னும் அறுபது மணி நேரம்! அதற்குள்...’

(விட்டுவிட்டேன். மிதுஷாவுக்கு விரல் நடுங்காது. மற்றவர்களின் விரல் நடுக்கத்தை அளப்பதுதான் அவள் படிப்பு.)

‘ஜெர்மனியில் பல்கலைக்கழகம் மாறுவது என்பது’

(இது கட்டுரை. என் பத்திரிகை ஆசிரியர் கோவிந்தராஜன் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவார். ஆனால் இந்த விவரம் இல்லாமல் உங்களுக்குக் கதை விளங்காது. ஆகவே அவசரமாகச் சொல்லிவிடுகிறேன்.)

மிதுஷா பரராசசிங்கத்தின் ஒரே மகள். வயது இருபத்தொன்று. வடக்கே ஒரு சின்ன ஊரில் மருத்துவப் பொறியியல் படிக்கிறாள். நாலாம் செமஸ்டர் முடிகிறது. தெற்கே, மியூனிக் பக்கத்தில், பெயரைச் சொன்னாலே தமிழ்ப் பெற்றோர் நிமிர்ந்து உட்காரும் பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. அங்கே ஐந்தாம் செமஸ்டரில் நடுவழியில் ஏற நாலே இடம். போன வருடம் கேட்டவர்கள் முந்நூறு பேருக்கு மேல். எல்லோருக்கும் நல்ல புள்ளிகள்தான். ஆளை ஆள் பிரிப்பது இரண்டு பக்கக் கடிதம். ‘ஏன் நீ? ஏன் இங்கே?’ கடிதம் பிடித்தால் நேர்முகம். ஜூலை பதினைந்தோடு வாசல் மூடும்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: இதனோடு, ‘இந்த மாணவி எந்தப் பரீட்சையிலும் மீண்டும் எழுத முடியாதபடி தோற்கவில்லை’ என்று பழைய பல்கலைக்கழகம் ஒரு சான்றிதழ் தரவேண்டும். அறுபத்துநாலு வயதில் எனக்கும் யாராவது அப்படி ஒன்று தந்தால் கண்ணாடி போட்டு மாட்டி வைப்பேன்.)

முருங்கைக்காயைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, காருக்குள் இருந்தே கடிதத்தைத் திறந்தேன். ஜெர்மனில் இருந்தது. முதல் வரிகளைத் தமிழில் தருகிறேன்:

‘என் தந்தை இருபது வயதில் பதினொரு நாட்கள் ஒரு இராணுவ முகாமில் சுவரைப் பார்த்தபடி நிற்க வைக்கப்பட்டார். ஒவ்வொரு காலையும் காவலாளி தன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் சத்தத்தை வைத்தே அவர் நாட்களை எண்ணினார்.’

நல்ல வரிகள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கின்றன. எனக்குத் தெரியும்.

அவற்றை எழுதியவன் நான்.

3

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்து. போருக்குத் தப்பி, கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட்டில் விமானத்தால் இறங்கி, மேற்குப் பக்கம் வந்து, பஸ்களில் ஊரூராகப் பிரித்து விடப்பட்டவர்கள் நாங்கள். அகதி விடுதியில் ஒரு அறைக்கு எட்டுக் கட்டில். ஒவ்வொருவரும் அதிகாரிக்கு முன்னால் போய், ஏன் ஓடி வந்தோம் என்று சொல்லவேண்டும். அதற்கு எங்கள் வாயில் ‘கேஸ்’ என்று பெயர். சொல்லத் தெரிந்தவன் இருப்பான், தெரியாதவனைத் திருப்பி அனுப்புவார்கள் என்று நம்பினோம். எனக்கோ வார இதழ்களைத் தின்று வளர்ந்த மூளை. எங்கே தொடங்கவேண்டும், எங்கே மூச்சை நிறுத்தவேண்டும் என்று தெரியும். கேஸ் எழுதிக் கொடுத்தேன். பெரும்பாலும் அவரவர் கதைதான், வரிசையை மட்டும் மாற்றினேன். பதினேழு பேருக்கு எழுதினேன். பதினேழு பேரும் இங்கே தங்கினார்கள். கை ராசியானது அப்படித்தான்.

பதினேழு பேரில் ஒருவர் பரராசசிங்கம். கட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

“எனக்கு ஒண்டும் நடக்கேல்லை அண்ணை. பக்கத்து வீட்டு வளவில நடந்தது. அம்மா போ எண்டவ. வந்திட்டன்.”

ஒரு மனிதன் ஓடுவதற்கு அது போதும். ஒரு கேஸுக்கு அது போதாது என்று தீர்மானித்தவன் நான். எந்த அதிகாரியும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

அதே அறையில் யூட்சன் என்று ஒருவன் இருந்தான். கடற்கரைப் பக்கத்து ஆள், அதிகம் பேசமாட்டான். பதினொரு நாட்களும் அவனுடையவை. ஒரே ஒரு முறை, சட்டை தோய்த்துக்கொண்டே, சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல எனக்குச் சொன்னான். அடுத்த கிழமை யாருக்கும் சொல்லாமல் பிரான்சுக்குப் போய்விட்டான். அவன் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அவன் கதை என்னிடம் கிடந்தது. அதைத் தூக்கிப் பரராசசிங்கத்துக்குப் போட்டுவிட்டேன்.

எல்லாம் நடந்ததுதான். அவருக்கு நடக்கவில்லை. அவ்வளவே.

(அந்தக் கைக்கடிகாரம் யூட்சன் சொன்னதா, நான் வைத்ததா? நாற்பது வருடமாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொய். கார் நிறுத்துமிடத்திலிருந்துதான் யோசிக்கிறேன்.)

மிதுஷாவுக்கு அது எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். பரராசசிங்கம் பிள்ளையிடம் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. ஆனால் இந்த நாட்டில் எந்தக் கடதாசியையும் எறியக் கூடாது என்பது எங்கள் மதம். எல்லார் வீட்டிலும் அலுமாரி நிறையக் கோப்புகள். பதினேழு வயதில் ஏதோ பிறப்புச் சான்றிதழ் தேடப் போய், அதிகாரி அன்று ஜெர்மனில் பதிந்த வாக்குமூலத்தை அவள் முழுவதும் வாசித்திருக்கிறாள். வாசித்ததை வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கடிதத்தோடு, ஆங்கில எழுத்தில் தமிழாக எனக்கு எழுதிய குறிப்பில்தான் சொல்லியிருந்தாள். ‘அப்பாவுக்குக் காட்டாதேங்கோ மாமா. அவருக்கு நோகும்.’

4

பரராசசிங்கம் டிராம் ஓட்டுகிறார். கடைசித் தரிப்பில் அவருக்கு ஏழு நிமிட ஓய்வு. என் தொடர்களில் வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்ய இதைவிடக் குறைவான நேரமே கொடுத்திருக்கிறேன். ஆகவே அங்கே போனேன்.

பெஞ்சில் உட்கார்ந்து, கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் பிளாஸ்கை மூடினார், திறந்தார், மூடினார்.

“எப்ப வாசிச்சவளாம்?”

“பதினேழு வயசிலயாம்.”

“அதுதான்.”

“என்ன அதுதான்?”

“அதுக்கு முதல் என்னோட தினமும் சண்டை, அண்ணை. கதவை அடிச்சுச் சாத்துவாள். உங்களுக்கு ஒண்டும் விளங்காது அப்பா எண்டு கத்துவாள். திடீரெண்டு ஒரு நாள் நிப்பாட்டினாள். பிள்ளை வளர்ந்திட்டாள், புத்தி வந்திட்டுது எண்டு தாயும் நானும் கதைச்சனாங்கள். நான் வேலையால வந்தா தேத்தண்ணி போட்டுத் தாறவள். பக்கத்தில வந்து இருப்பாள். ஒண்டும் கேக்கமாட்டாள்.”

ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு போனது.

“அது யூட்சனுக்குப் போட்ட தேத்தண்ணியோ அண்ணை?”

(இந்த இடத்தில் நான் ஒரு பதில் சொன்னதாக இரண்டு முறை எழுதினேன். இரண்டும் அழகான பதில்கள். உண்மையில் பேச்சை மாற்றினேன்.)

“அவளுக்குச் சொல்லு பரா. நேர்முகத்தில கேட்பினம். பொய்யெண்டு தெரியாமல் அவள் போய்ச் சொல்லப்போறாள்.”

“எனக்கு ஏலாது.”

“அப்ப நான் சொல்லட்டோ?”

“ஐயோ, வேண்டாம். அந்தப் பக்கத்தை வெட்டச் சொல்லுங்கோ. காரணம் ஏதாவது கண்டுபிடியுங்கோ. உங்களுக்கு அது பெரிய வேலையே? கிழமைக்கு ஒண்டு கண்டுபிடிக்கிறனீங்கள்.”

ஏழு நிமிடம். எழும்பினார். போகும்போது தொப்பியைச் சரி செய்துகொண்டார். பயணிகளுக்குக் கதவைத் திறந்தார்.

5

ஜூலை பதினைந்து, பின்னேரம் நாலு மணி. மிதுஷா ரயிலில் வந்திருந்தாள். நூலகத்துக் கோப்பிக் கடையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குள் நான் இரண்டாம் பக்கத்தையும் வாசித்திருந்தேன். முதல் நாள் அதைத் தாண்டிவிட்டேன். பிணம் இல்லையே. இரண்டாம் பக்கத்தில் இருந்தது இதுதான்: செயற்கைக் கை ஒன்று கோப்பையைப் பிடிக்கும்போது ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு பிந்துகிறது. அந்தப் பிந்தலுக்குள் கோப்பை விழுந்துவிடுகிறது. மூன்று செமஸ்டராக அவள் அந்தப் பிந்தலோடு மல்லுக்கட்டுகிறாள். அவள் கல்லூரியில் சோதிக்கிற இயந்திரம் ஒன்றே ஒன்று. முறை வர இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். தெற்கே உள்ள ஆய்வுகூடத்தில் ஆறு இருக்கின்றன.

“முதல் பக்கத்தைத் தூக்கு பிள்ளை. இரண்டாம் பக்கத்தில இருந்து தொடங்கு.”

“மாமா, அது போரிங்.”

“கோப்பை விழுகுது. அது காணும், போதும்.”

“போன தொடரில ஒரே அத்தியாயத்தில மூண்டு பேரைச் சாக்காட்டினீங்கள். இப்ப எனக்குக் கோப்பை காணுமோ?”

“மற்றாக்களின்ர துன்பத்தைக் காட்டி இடம் கேக்கிறது சரியில்லை.”

“மற்றாக்களோ? அப்பா அது, மாமா. அவர் அண்டைக்கு நிண்டதாலதான் நான் இண்டைக்கு இஞ்ச இருக்கிறன்.” குரல் தணிந்தது. “நேர்முகத்தில இன்னும் கேட்டா? அவரிட்டக் கேக்க ஏலாது. நீங்கள் அவரோட அந்த அறையில இருந்தனீங்கள்தானே. வேற என்ன சொன்னவர்?”

இருபத்தாறு வருடம் கற்பனை விற்ற வாய். அதில் வந்தது இவ்வளவுதான்:

“அதுக்கு மேல சொன்னது எனக்கு ஞாபகமில்லை.”

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்கள் பொய் சொன்னா வடிவாச் சொல்லுவீங்கள் மாமா. இது வடிவா இல்லை.”

“கொப்பரிட்டக் கேள்.”

“கேக்கமாட்டன்.”

பிறகு திரைப் பக்கம் திரும்பினாள். முதல் பக்கத்தை நிறம் மாற்றினாள். வெட்டினாள். நான் மூச்சு விட்டேன். அவள் அதை அழிக்கவில்லை. வேறொரு ஆவணத்தைத் திறந்து அங்கே ஒட்டினாள்.

“சரி. கடிதத்தில வேண்டாம். நேர்முகத்தில ஏன் இஞ்ச எண்டு கேப்பினம். அப்ப வாயால சொல்லுறன். இன்னும் நல்லா இருக்கும், என்ன?”

ஐந்து இருபதுக்கு விண்ணப்பம் போனது. நான் ஒரு கமாகூடப் போடவில்லை.

6

இனி முடிவு.

ஒன்று: நேர்முகக் குழுவில் ஒரு பெண். பெயர்ப் பலகையில் யூட்சன் என்று அவள் தகப்பன் பெயர். மிதுஷா வாயைத் திறக்கிறாள்... (கோவிந்தராஜனுக்கு மிகவும் பிடித்தது. போனில் விசிலடித்தார். அதனாலேயே எறிந்தேன்.)

இரண்டு: பரராசசிங்கம் டிராமை நடுவழியில் நிறுத்திவிட்டு (நிறுத்தமாட்டார். நேரத்துக்கு ஓடுகிற மனிதர்.)

மூன்று: நான் அவளுக்குப் போன் செய்கிறேன். மணி அடிக்கிறது. அவள் எடுக்கிறாள். நான் (எத்தனை தடவை எழுதினாலும் இந்த ‘நான்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது.)

நடந்தது எதுவோ அதைச் சொல்கிறேன். ஆகஸ்ட் முதல் கிழமை மிதுஷாவுக்கு அழைப்பு வந்தது. பன்னிரண்டு பேரில் ஒருத்தி. நேர்முகம் செப்டெம்பர் நாலு. இதை எழுதும்போது அதற்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அவளுக்கு இடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த நாற்காலியில் இருந்துகொண்டு என்ன சொல்லுவாள் என்று மட்டும் தெரியும். அதைச் சொல்லி அவள் உள்ளே போய்விட்டால், அது பொய்யென்று என்றைக்கு அறிந்தாலும் அந்த இடத்தில் நிம்மதியாக இருக்கமாட்டாள்.

பரராசசிங்கத்திடம் மறுபடியும் போனேன். “எனக்கு ஏலாது அண்ணை” என்றார். அதே பெஞ்ச். என்னாலும் ஏலாது. ஏலாத இரண்டு கிழவர்கள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். இதை எழுதினேன்.

மிதுஷாவுக்குத் தமிழ் பேச வரும். வாசிக்க வராது. விடுமுறைக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தகப்பன்தான் என் எழுத்தை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். குரல் மாற்றி மாற்றி, நடித்து. அவள் இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். இந்த இதழ் வெள்ளிக்கிழமை அவர்கள் தபால் பெட்டியில் விழும்.

வாசகர்களே, இந்த முடிவு உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இதை வேறொரு ஆள் முடித்து வைக்கவேண்டும்.

தம்பி, பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். ஊரில் ஒருவருக்கும் பிடிபடாது. உனக்கு மூன்றாம் பகுதியிலேயே விளங்கியிருக்கும். விளங்கிய பிறகும் இந்த வரிவரைக்கும் வந்துவிட்டாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சத்தமாகத்தானே வாசித்துக்கொண்டு வந்தாய்?