அத்தான் கையில் தட்டு

என் அத்தான் ஸ்கந்தராஜா ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. அவர் வாயைத் திறந்தால் ஈப்போவில் யாரும் பஸ் பிடிக்க முடியாது. வணக்கம் சொன்னால்கூட அந்த வார்த்தையின் பூர்வீகத்தைச் சொல்லித்தான் விடுவார். என் அக்கா விமலாதேவி அவரோடு முப்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறாள். அவளுக்குக் கோயில் கட்டலாம்.

போன ஞாயிறு அவர்கள் மகள் கிருஷாந்தியைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை தனேஷ், ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்ப்பவன். கூட அவன் அம்மா நல்லம்மாள், தாய்மாமன் பத்துமலை. தெலுக் இந்தான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கூலிக்கு உழைத்த குடும்பம். பிள்ளைகள் இருவரும் பல வருடமாக ஒருவரை ஒருவர் விரும்புகிறவர்கள்.

அத்தானுக்கு இதில் இஷ்டமே இல்லை. ஒரு வாரமாக வீட்டில் "தோட்டத்து ஆக்கள்" என்று ஒரே மந்திரம். வந்தவர்கள் முகத்துக்கு நேரே அதைச் சொன்னால் கௌரவம் என்னாவது? அதனால் அவர்களைப் பேசவிடாமலே அனுப்பிவிடுவது என்று முடிவெடுத்திருந்தார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

நல்லம்மாள் வெற்றிலை, பழம், பூ வைத்த தட்டை டீப்பாயில் வைத்தார். பெண்ணின் அப்பா அதை இரண்டு கையாலும் எடுத்துவிட்டால் சம்மதம், அப்புறம் மறுபேச்சு கிடையாது. இந்த வழக்கம் மட்டும் இலங்கை வழி வந்த எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான்.

"ஐயா, புள்ளைங்க விசயமா பேசலாம்னு வந்தோம்லா," என்று ஆரம்பித்தார் பத்துமலை.

அத்தான் முகம் மலர்ந்தது. "பேசத்தானே வேணும்! பேசுறதுக்கு இங்கிலீஷ்காரன் 'டோக்' எண்டு சொல்லுறான். அது எங்கயிருந்து வந்தது, தெரியுமோ?"

பத்துமலை தெரியாது என்றார். பாவம், தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

'டோக்', 'டெல்', 'டேல்' மூன்றுக்கும் ஒரே வேராம். ஆதியில் 'டெல்' என்றால் எண்ணுவதாம், பேங்க் டெல்லர் என்ற பேர் அங்கிருந்து வந்ததாம். 'டோக்'கின் வாலில் ஒட்டிய அந்த 'க்' திரும்பத் திரும்பச் செய்வதைக் காட்டுமாம். இதற்கு விளக்கமே வேண்டாம், எதிரில் உட்கார்ந்து அனுபவித்துக்கொண்டிருந்தோம்.

தேநீர் ஆறிப்போனது. கிருஷாந்தி கதவோரம் நின்று துப்பட்டா நுனியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நீங்கள் நம்பேல்லை போல. புத்தகத்திலயே காட்டுறன்," என்று அத்தான் உள்ளே போய்த் தலையணை மாதிரி ஓர் அகராதியைத் தூக்கி வந்தார். அதை நாற்காலியில் போட்டார். டீப்பாயில் இடம் பண்ணுவதற்காகத் தட்டை இரண்டு கையாலும் எடுத்தார்.

நல்லம்மாள் சட்டென்று எழுந்து கும்பிட்டார். தனேஷ் அத்தான் காலில் விழுந்தான்.

"இல்லை இல்லை, நான் புத்தகம் வைக்கத்தான்..."

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எடுத்திட்டீங்கள். வேண்டாமெண்டால் திருப்பிக் குடுங்கோ. ஆனா ஏன் வேண்டாமெண்டு அந்த அம்மாவின்ர முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டுக் குடுங்கோ."

அத்தான் நல்லம்மாளைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை, ஒரு வாரமாக நாக்கிலேயே இருந்த வார்த்தை. வரவில்லை. முதன்முறையாக அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"விடுங்க ஐயா," என்றார் நல்லம்மாள். "என்னா சொல்ல வாரீங்கன்னு தெரியும்லா. தெரிஞ்சிதான் வந்தோம். என் மூஞ்சிய பாத்து அத சொல்ல முடியலல்ல, அது போதும்."