ஐந்து கிலோவுக்கு மேல்

அரிசி டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்ததும் ஒத்தையாளுக்குக் கோபம் தலைக்கேறியது. ‘எட்டு கிலோ. தொடாதீங்க.’ மனைவியின் கையெழுத்து. சிலிண்டரில் ஒன்று, தண்ணீர் வாளியில் ஒன்று. உச்சக்கட்டமாக, தரையில் தவழ்ந்த பேத்தியின் சட்டையிலும் ஒன்று: ‘ஏழு கிலோ.’

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் முப்பது வருடம். இரும்பு பீரோவைத் தனியாக நாலு மாடி சுமந்ததால் வந்த பெயர்தான் ‘ஒத்தையாள்’. ‘ஒரு கை பிடிங்கப்பா’ என்று அவர் யாரையும் கூப்பிட்டதே கிடையாது. இப்போது முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறதாம், ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாதாம், டாக்டர் உத்தரவு.

“எடை பார்த்துப் பார்த்துத் தூக்க நான் என்ன தராசா?” என்று கத்தினார்.

“நாற்காலியில உட்காருங்க, மடியில குடுக்கிறேன்” என்றாள் மனைவி.

“உட்கார்ந்து கொஞ்ச நான் என்ன நோயாளியா?”

பால்காரன் தூக்குகிறான், பக்கத்து வீட்டுக்காரி தூக்குகிறாள், சொந்தத் தாத்தா தூக்கக்கூடாது. ஒரு மாதமாகக் குழந்தை அவரிடம் கை நீட்டுவதையே விட்டுவிட்டது.

மனைவி துணி காயப்போட மாடிக்குப் போனாள். பேத்தியின் சட்டையிலிருந்த சீட்டைப் பிய்த்து எறிந்தார். குனிந்தார், தூக்கினார்.

பாதி நிமிர்வதற்குள் இடுப்பில் சுரீரென்றது. நிமிரவும் முடியவில்லை, குனிந்து இறக்கவும் முடியவில்லை. வலது கால் மரத்துக்கொண்டே வந்தது. குழந்தை குஷியில் கால்களை உதைத்துத் துள்ளியது. இன்னும் ஒரு துள்ளலுக்குக் கை தாங்காது. கால் மேல், முதுகு மேல், தன் வீராப்பு மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தார். பிடி நழுவத் தொடங்கியது.

“ஒரு கை பிடிடீ!” என்று அலறினார்.

படியிறங்கி ஓடிவந்தவள் குழந்தையை வாங்கிக்கொண்டு, நாற்காலியைக் காலால் இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள். மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். வலி கொஞ்சம் அடங்கியதும் பேத்தியை அவர் மடியில் வைத்தாள்.

“மடிக்கு டாக்டர் கணக்கு சொல்லல.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்று சீறினார்.

“ஒரு மாசமா உட்காருங்க உட்காருங்கன்னு யார்கிட்ட சொன்னேன்? அந்த பீரோகிட்டயா?”

கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கோபித்துக்கொள்ளத் தன்னைத் தவிர வேறு ஆள் மிச்சமில்லை. குழந்தை இரண்டு கையாலும் அவர் மீசையைப் பிடித்து இழுத்தது.