ரயிஸ் வாய் வைத்த வாளி

மாமா புஜ்மா போட்ட சத்தத்தில் துறைமுகத்துக் கடற்பறவைகள் மொத்தமும் எழும்பிப் போர்ச்சுக்கல் வரை போயிருக்க வேண்டும். மஹ்ஜூபா முற்றத்துக்கு ஓடி வந்தாள். காலையில் இறந்துபோன வாப்பாவின் மையித்தைக் குளிப்பாட்ட வைத்திருந்த பெரிய வாளிக்குள் தலையை விட்டு, அவர் வளர்த்த பூனை ரயிஸ் சாவகாசமாக நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது.

துறைமுக நகரான எஸ்ஸவீராவில் மனிதர்களைவிடப் பூனைகள் அதிகம். அவற்றுக்கும் ஓட்டு இருந்தால் நகரசபையில் ஒரு மனிதன்கூட உட்கார முடியாது. அதில் பாதிப் பூனைகளுக்குத் தகப்பன் ரயிஸ். மீதிப் பாதியின் காதைக் கடித்ததும் ரயிஸ்தான். ஐஸ் ஆலையில் வேலை பார்த்த வாப்பா அய்யாஷி ஒரு மழைநாளில் தன் அங்கியின் முக்காட்டுத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு வந்த குட்டி. இப்போது அதற்கு ஒரு காதுதான். ஈறெல்லாம் ரணம்.

"வெளிய தூக்கிப் போடும்மா அந்தச் சனியன! வைரஸ் புடிச்ச வாய வெச்சுருச்சே! மொத்தத் தண்ணியும் போச்சு!"

அதுதான் பிரச்சினை. காலையிலிருந்து குழாயில் காற்றுதான் வந்தது. வீட்டுக்கு ஒரு செம்பாகத் தெருவே கொடுத்து நிரம்பிய வாளி அது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்தாகிவிட்டது.

குளிப்பாட்ட வந்த ஹாஜி துஹாமி சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பூனை வாய் வெச்ச தண்ணி சுத்தம்தான்யா. என் வீட்டுல பூனை குடிச்ச மிச்சத்துலதான் நான் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூவே செய்யறேன்."

"நல்ல பூனைன்னா சரி ஹாஜி. இதுக்கு எதிர்ப்பு சக்தியத் தின்னுற வியாதி. மச்சானே காப்பிக்கடை முழுக்கச் சொன்னாரே, எனக்கும் ரயிசுக்கும் ஒரே சீக்குன்னு! வெறும் சளியில மனுஷன் சாவானா?"

ஹாஜி தாடியைச் சொறிந்தார். "பூனையப் பத்திக் கேளு, சொல்றேன். கிருமியப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

இருவரும் மஹ்ஜூபாவைப் பார்த்தார்கள். வாப்பாவோடு மிருக வைத்தியரிடம் போனவள் அவள்தானே.

போனாள்தான். ஆனால் அந்த டாக்டர் பெண் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. மீதிப் பாதியின்போது ரயிசின் நகங்கள் அவள் எலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. "இது பூனைக்குப் பூனை வர்றது. சண்டையில ஆழமாக் கடிச்சா எச்சில் வழியா உள்ள போகும். மனுஷங்களுக்கு வராது. உடம்புக்குக் காவல் இருக்கறவங்கள ஒவ்வொருத்தரா சாய்ச்சிடும். அப்புறம் சின்னச் சளி வந்தாக்கூடப் பெருசாயிடும். வீட்டுக்குள்ளயே வெச்சிப் பாத்துக்கிட்டா வருஷக்கணக்கா இருக்கும்."

வாப்பாவுக்கு ஒரே குஷி. "அட, என் காவக்காரனுங்களும் எப்பவோ பென்ஷன் வாங்கிட்டானுங்க! நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி டாக்டரம்மா!"

அந்த வேடிக்கையைத்தான் அவர் ஊரெல்லாம் விற்றார். பிறகு சளி வந்தது. பெரிதானது.

எந்த வாக்கியம் பூனைக்கு, எந்த வாக்கியம் வாப்பாவுக்கு? மஹ்ஜூபாவின் தலைக்குள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தன. மனுஷங்களுக்கு வராது என்றுதான் சொன்னாள். சொன்னாள்தானே?

"நான் மீன் ஏலக்கூடத்துல கொண்டு விட்டுடறேன்" என்றார் புஜ்மா. "அது பாட்டுக்குப் பொழச்சுக்கும்."

"அங்க ஒரு மாசம் தாங்காது மாமா. சாகறதுக்குள்ள இன்னும் எத்தனையக் கடிச்சு வெக்குமோ."

"அப்ப இந்தத் தண்ணிய என்ன பண்ண? உங்க வாப்பாவ இதுல குளிப்பாட்டவா? நீயே சொல்லு."

அவள் செம்பை வாளிக்குள் முக்கினாள். இருவர் முன்னாலும் அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். ஒரு வீட்டுப் புதினா, ஒரு வீட்டு ஆலிவ் எண்ணெய், எல்லாம் கலந்த தெருவின் ருசி. முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்தாள்.

புஜ்மா வாயைத் திறந்தார், மூடினார். அவர் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

"பிஸ்மில்லாஹ்" என்று ஹாஜி வாளியைத் தூக்கினார்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியதும் அண்டை வீடுகளிலிருந்து கூஸ்கூஸ் தாம்பாளம் தாம்பாளமாக வந்தது. வைரசுக்குப் பயந்த புஜ்மா ஒரு மலையையே தின்று இறக்கினார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு கோழித்துண்டின் எலும்பை எடுத்துவிட்டு, கையை எட்டும் வரை நீட்டி ரயிசின் பக்கம் தள்ளினார். அது மோந்துகூடப் பார்க்கவில்லை. மாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பா அது ஊர் சுற்றப் போக அந்தக் கதவைத் திறந்துவிடுவார். வைத்தியரிடம் போய்வந்ததிலிருந்து கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, "என்னத் தாண்டிப் போடா பாப்போம்" என்று அதோடு மல்லுக்கட்டுவார். இன்று காலை அந்தப் பக்கம் பார்த்து, "கதவு" என்றார். "தொறக்கணுமா வாப்பா, சாத்தணுமா?" என்று அவள் குனிந்து கேட்டாள். தனக்காகச் சொன்னாரா, ரயிசுக்காகச் சொன்னாரா என்பதும் தெரியவில்லை. அவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

மாடியில் ஊர்ப்பூனைகள் கூப்பிட ஆரம்பித்தன. ரயிஸ் கதவைப் பிறாண்டியது. மஹ்ஜூபா எழுந்து போய்ப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது.

இருந்தும் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். அவள் தோளுக்குப் பக்கத்தில் அது மறுபடி பிறாண்டியது. அவள் முதுகை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.