ஜம்புவின் ஐஸ் போத்தல்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது என் பிரிட்ஜின் மேல்தட்டில். மற்ற எழுத்தாளர்களுக்கு ஆற்றங்கரையில் கிடைக்கிறதாம், ரயிலில் கிடைக்கிறதாம். எனக்குக் கறிவேப்பிலைப் பொட்டலத்துக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவில் கிடைத்தது. குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "குண்டசாலையின் மேல் பொன்னிறக் காலை மெல்ல விரிந்துகொண்டிருந்த..."

(நிறுத்திவிட்டேன். எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுகலான சந்தில், காலை விரிவதில்லை. பள்ளிக்கூட வேன் ஹோர்ன் அடிக்கும், அவ்வளவுதான்.)

பிறகு இப்படி: "ஆக்சலாட்டல் என்பது மெக்சிகோ நாட்டு ஏரியில் பிறந்த, கடைசிவரை வளர்ந்து முடிக்காத ஒரு..."

(இது பொது அறிவுப் புத்தகம்.)

மூன்றாவது தொடக்கம் ரபீகா சொன்னது. அதையே வைத்துக்கொள்கிறேன்: "பல்லியும் இல்ல, மீனும் இல்ல, எந்த நேரமும் சிரிச்சிட்டே ஈக்கி. பாத்தாலே எனக்கு அருவருப்பு. ஆனா மகள்ட சாமான், என்ன செய்ய அக்கா?"

2

அக்கா என்பது நான்தான். ஞானேஸ்வரி, மாநகர சபையில் வேலை, சுத்த சைவம். ரபீகா பக்கத்து வீடு. அவள் கணவர் ஹலீம் நானா கண்டி டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் நுஹா மருத்துவம் படிக்க பெலாரஸ் போனபோது ஒரு கண்ணாடித் தொட்டியையும் அதற்குள் இருந்த ஆக்சலாட்டலையும் உம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாள். ரோஸ் நிறம், குட்டிக் கைகால்கள், கழுத்தின் இரு பக்கமும் இறகு வைத்ததுபோல் செவுள்கள். ஜம்புப் பழத்தின் நிறம் என்பதால் ஜம்பு.

ஜம்பு தின்பது மண்புழு. ரபீகா வாழைமரத்தடியைக் கிளறிப் புழு எடுப்பாள், கழுவுவாள், அல்லாஹ்வின் பேரில் பிஸ்மி சொல்லிக் கத்தரிக்கோலால் வெட்டுவாள்.* நீளமான இடுக்கியில் பிடித்து ஜம்புவின் மூக்குக்கு முன்னால் ஆட்டுவாள். அதற்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. வெகுநேரம் யோசித்துவிட்டு, டக்கென்று உறிஞ்சிக்கொள்ளும்.

தண்ணீர் குளிராக இருக்கவேண்டும். குண்டசாலைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் ரபீகா போத்தல்களில் தண்ணீர் நிரப்பி, பிரீசரில் உறையவைத்து, காலையும் மாலையும் தொட்டியில் மிதக்கவிடுவாள்.

குளிர் வேண்டிய பிராணி குண்டசாலையில், வெயில் வேண்டிய பிள்ளை பெலாரஸில்.

(இந்த வாக்கியம் அழகாக இருந்ததால் அடித்துவிட்டேன். ரபீகாவிடம் வாசித்துக் காட்டியபோது, "அது தெரிஞ்ச விஷயம்தானே" என்றாள். உடனே மறுபடி போட்டுவிட்டேன்.)

* பிஸ்மி புழுவுக்காகவா ஜம்புவுக்காகவா என்று கேட்டேன். "எனக்காக அக்கா. உசிரத்தானே வெட்டுறேன்."

3

இனி வருவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். நானே பக்கத்து வீட்டில் இல்லாவிட்டால் நம்பியிருக்கமாட்டேன்.

நுஹாவுக்கு அங்கே சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீடியோவில் வருவாள். "சாப்பிட்டியா?" என்று உம்மா கேட்பாள். "சாப்பிட்டேன்" என்பாள், ஆனால் முகம் வேறு சொல்லும். ஒருநாள் பகிடியாக, சும்மா வேடிக்கைக்கு, "மொதல்ல ஜம்பு தின்னட்டும் உம்மா, பொறகு நான் தின்னுறேன்" என்றாள். ரபீகாவுக்குப் பகிடி விளங்குவது குறைவு. போனைத் தொட்டியில் சாய்த்துவைத்துவிட்டுப் புழு எடுக்கப் போய்விட்டாள். ஜம்பு விழுங்கியது. நுஹா சிரித்துக்கொண்டே ஒரு கரண்டி சோறு வாயில் வைத்தாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை வழக்கம் அதுவாகிவிட்டது.

"அது வாயத் தொறந்தா இவளும் தொறப்பா" என்றாள் ரபீகா.

இப்படி ஒரு தாய் கதையில் வந்தால் வாசகர்கள் சந்தேகப்படுவார்கள் என்று பயந்து, கொஞ்சம் கறாரான பெண்ணாக மாற்றி எழுதிப் பார்த்தேன். அவள் புழு வெட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கதை நின்றுபோனது. பழைய ரபீகாவையே கூட்டிவந்தேன்.

4

பிறகு ஹஜ் பெருநாள் வந்தது.

பெருநாளுக்கு அறுத்த குர்பான் இறைச்சியைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பார்கள், அவர்களும் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. மடவளையிலிருந்து ஹலீம் நானாவின் தங்கச்சி மஸாஹிரா ஒரு பெரிய பையோடு வந்து, தானே பிரீசரைத் திறந்தாள். உள்ளே தண்ணீர் போத்தல்கள். "என்ன மதினி, தண்ணியவா பத்திரமா வெச்சீக்கிறீங்க?" என்றாள்.

ரபீகா வெட்கப்பட்டு, இறைச்சிக்கு இடம்விட்டுப் போத்தல்களை வெளியே எடுத்துவிட்டாள். மழை வரும், ஊர் குளிரும் என்று நம்பினாள். வெயில்தான் வந்தது.

என் பிரீசர் கிட்டத்தட்டக் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் இறைச்சி புழங்கும் வீட்டுப் போத்தலை ஒரு சைவ வீட்டுக்குக் கொண்டுவருவது மரியாதையில்லை என்று அவள் வரவில்லை. பெருநாள் வீட்டில் எனக்குக் கொடுக்க ஒன்றும் இல்லையே என்று அவர்கள் சங்கடப்படக்கூடாதென்று நானும் போகவில்லை. இரண்டு வீட்டு மரியாதையும் சேர்ந்து ஒரு பிராணியை வேகவைத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ரபீகா பின்கதவில் வந்து நின்றாள். கையில் சவர்க்காரம் மணக்கும் போத்தல்கள்.

"அக்கா, நல்லாக் கழுவினேன். தேசிக்காய்ப் புளியும் பிழிஞ்சு தேச்சேன். ஜம்பு தின்னுதில்ல. மேலேயே மெதக்குது. செவுள் எல்லாம் சுருண்டு போச்சு."

"அட, தண்ணி போத்தல்தானே ரபீகா? உள்ள வைங்க."

"பெருநாளுக்கு நுஹா போன்ல அழுதா அக்கா. தனியாப் பெருநாள் எடுக்கிறது இதானே மொத தடவ. ஒண்டும் தின்னல்ல. வெள்ளிக்கிழம கட்டாயம் தின்னுறேன்டு சென்னா."

நான் பிரீசரிலிருந்த கறிவேப்பிலையை வெளியே எறிந்தேன்.

5

முடிவுகள். எழுதி வைத்தவை இவை.

(அ) ஜம்பு சாகிறது. கதைக்கு நல்லது என்று நினைத்தேன். ரபீகாவிடம் சொன்னேன். "அதச் சாவ வெச்சீங்கண்டா ஒங்கட வாசல மிதிக்கமாட்டேன்" என்றாள். என் கதைகளைப் பற்றி இதுவரை வந்த விமர்சனங்களில் எனக்கு உறைத்தது இதுதான்.

(ஆ) ஜம்பு சாகிறது, ஹலீம் நானா அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி வந்து தொட்டியில் விடுகிறார். நுஹாவை ஏமாற்ற முடியாது. ஜம்புவின் முன்காலில் ஒருமுறை அறுந்து முளைத்த விரல் ஒன்று குட்டையாக இருக்கும். அவள் போனில் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

(இ) எல்லாம் சரியாகிவிடுகிறது. எனக்கு ஆசை இதில்தான். ஆனால் என் ஆசைக்கு ஜம்பு வாய் திறக்கவேண்டுமே.

6

இப்போது வெள்ளி மாலை. என் பிரீசரின் புண்ணியத்தில் தொட்டி குளிர்ந்திருக்கிறது. ஜம்பு மேலே மிதக்கவில்லை, அடியில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. செவுள் நிமிர்ந்துவிட்டது என்கிறார் ஹலீம் நானா. இல்லை என்கிறாள் ரபீகா. போன் தொட்டியில் சாய்ந்திருக்கிறது. அதற்குள் நுஹா, கம்பளிச் சட்டையும் மடியில் ஒரு தட்டுச் சோறுமாக. கன்னம் இன்னும் ஒட்டிப்போயிருக்கிறது.

"ஏன் உம்மா இடுக்கிய மாத்தி மாத்திப் பிடிக்கிறீங்க?"

"தண்ணி ஐஸ் மகள். வேற என்ன?"

ரபீகா புழுவை ஆட்டினாள். ஜம்பு அசையவில்லை. இன்னொரு முறை ஆட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி இடுக்கியை நீட்டினாள்.

"எனக்கு ஏலாது அக்கா. நீங்க பிடிங்க."

நான் பிடித்தேன். நான் சைவம், புழு நெளிகிறது, எனக்கும் கண் கலங்குகிறது. இவ்வளவு தூரம் கதையைக் கொண்டுவந்தவளுக்கு இதற்கு மேல் கை வரவில்லை.

ஆகவே, இந்தாருங்கள், இடுக்கி. மூக்குக்கு நேரே பிடியுங்கள். அதிகம் ஆட்டவேண்டாம், பயந்துவிடும். உங்களுக்குப் பழக்கமிருந்தால் பிஸ்மி சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். அது யோசிக்கும், விடுங்கள்.

ஆனால் ரொம்ப நேரம் எடுக்காதீர்கள். பிள்ளை கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி இருக்கிறாள். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.