மூச்சு வாங்கியதற்கு ஒரு மஞ்சள் கொடி

தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்கு வந்து எட்டு வருடமாகியும் சமிசோனி லவாக்கா, பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டும் டச்டவுன் ஒன்றுகூடப் போட்டதில்லை. அதற்காக அவன் வருத்தப்பட்டதும் இல்லை. டொலீடோ மில்லர்ஸ் அணியில் அவன் வேலை எதிரணியின் முன்வரிசையை முட்டி உடைப்பது. நூற்று ஐம்பது கிலோ உடம்பால் அவன் முட்டுவான். கைதட்டல் பின்னால் ஓடி வருகிறவர்களுக்குப் போகும். சுவருக்குள் இருக்கும் செங்கல்லை யார் மெச்சுகிறார்கள்?

டோங்காத் தீவிலிருந்து டெக்சஸுக்கு வந்து குடியேறிய குடும்பம் அவனுடையது. அப்பா சபையில் பிரசங்கி. ஓய்வுநாளில் விளையாட்டா என்று வெகுநாள் மகனோடு பேசாமல் இருந்தவர். பிறகு அவராகவே இறங்கி வந்தார். "ஞாயித்துக்கெழம விளையாடித்தான் சாப்பாடுன்னு ஆயிப்போச்சு. சரி, விளையாடு. ஆனா அன்னிக்கு உன் வாயில பொய் மட்டும் வரக் கூடாது. அந்த நாளுக்கு அந்த மரியாதையாவது இருக்கட்டும்" என்றார். இதுவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதில் சமிசோனிக்குக் கஷ்டம் வந்ததில்லை. முட்டுவதற்குப் பொய் தேவைப்படாது.

அந்த டிசம்பர் ஞாயிறு ஏரிக் காற்று அரங்கத்துக்குள் புகுந்து எலும்பைத் தேடிக்கொண்டிருந்தது. மெம்பிஸ் பைலட்ஸ் அணி முன்னணியில் இருந்தது. தோற்றால் மில்லர்ஸுக்கு அந்த வருட ஆட்டமே முடிந்தது. கடைசி இரண்டு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தபோது, பைலட்ஸின் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஆஷ்பியின் கையிலிருந்து பந்து நழுவியது. குளிரில் விறைத்த புல்லில் அது இப்படியும் அப்படியும் துள்ளி, கடைசியில் சமிசோனியின் காலடியில் வந்து நின்றது.

எடுத்தான். ஓடினான்.

அவன் ஓட்டத்தைப் பார்த்து அரங்கமே சிரித்தது. சிரித்துக்கொண்டே எழுந்தும் நின்றது. வேகமான ஆட்களை எல்லாம் அவன் அணியின் குவின்டனும் மற்றவர்களும் தடுத்துவிட்டார்கள். பைலட்ஸில் துரத்தி வந்தவன் ஒருவன் மட்டும். ஆர்ச்சி டில்லார்ட் என்ற அந்த மிசிசிப்பிக்காரனும் முன்வரிசை ஆள்தான், அதே எடை. இரண்டு லாரிகள் ஒன்றையொன்று துரத்துவதுபோல் அறுபது கஜம் போனார்கள். கோட்டருகே டில்லார்ட் பாய்ந்தான், பிடி கிடைக்கவில்லை. சமிசோனி கோட்டைத் தாண்டி விழுந்தான், புரண்டு மல்லாந்தான், கைகால்களை விரித்துப் போட்டான். வயிற்றின் மேலிருந்த பந்து மூச்சோடு ஏறி இறங்கியது.

உடனே, குற்றம் கண்டால் நடுவர் வீசும் மஞ்சள் கொடி பறந்து வந்து அவன் பக்கத்தில் விழுந்தது.

அந்த வருடங்களில் சட்டம் அப்படித்தான். டச்டவுன் போட்டவன் தரையில் விழுந்து கொண்டாடினால் குற்றம். அடுத்து எதிரணிக்குப் பந்தை உதைத்துக் கொடுக்கும் உதையை அவன் அணி பதினைந்து கஜம் பின்னாலிருந்து உதைக்க வேண்டும்; எதிரணிக்கு அவ்வளவு தூரம் மிச்சம். முழங்காலிட்டோ விழுந்தோ கடவுளுக்கு நன்றி சொன்னால் மட்டும் விதிவிலக்கு. போதாததற்கு, சில வாரங்களுக்கு முன்புதான் மில்லர்ஸ் ஆட்கள் இருவர் டச்டவுன் போட்டுவிட்டு, தரையில் படுத்துத் தூங்குவதுபோல் நடித்து அபராதம் வாங்கியிருந்தார்கள். இதுவும் அந்தக் கூத்துத்தான் என்று கொடி போட்டவர் நினைத்ததில் தவறில்லை. வாரநாட்களில் பள்ளிக்கூட ஆசிரியராகவும் ஞாயிறுகளில் நடுவராகவும் இருக்கும் வெண்டெல் கிராஃப்ட் அவர், நேர்மையான மனிதர்.

"சார், அவரு பெருசு சார்!" என்று குவின்டன் ஓடி வந்தான். "பெருசு எங்கயாச்சும் டான்ஸ் ஆடிப் பாத்திருக்கீங்களா? மாடிப்படி ஏறினாலே உக்காந்துருவாரு!"

"தள்ளி நில்லு."

மில்லர்ஸ் கோச் பாஸ்கோ ஓரக்கோட்டிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். "ஜெபம் பண்ணினான்! வெண்டெல், அந்தப் புள்ள ஜெபம் பண்ணினான்! சோனி, வாயத் தொறந்து சொல்லுடா!"

குவின்டன் குனிந்து சமிசோனியைத் தூக்கி உட்கார வைத்தான். காதோடு காதாகச் சொன்னான். "ஜெபம்னு சொல்லிரு பெருசு. ஒரே வார்த்த. நாம முன்னால வந்துட்டோம். அந்தப் பதினஞ்சு கஜத்த வச்சு அவனுங்க ஒத்த உதையில சமமாக்கிருவானுங்க. நீதான் நெஜமாவே சர்ச்சுக்குப் போற ஆளாச்சே. உன்னச் சந்தேகப்பட யாரு இருக்கா?"

அதுதான் சங்கடமே. சந்தேகப்பட யாரும் இல்லை. இந்தக் கொடி நின்றால், வாழ்க்கையில் போட்ட ஒரே டச்டவுன், அணியைத் தோற்கடித்த டச்டவுன் என்றுதான் பேசப்படும் என்பது சமிசோனிக்குத் தெரிந்தது. ஒரு சொல் போதும். ஆனால் மல்லாந்து கிடந்தபோது மனசில் கடவுள் இல்லை. காற்று, காற்று என்ற தவிப்பு மட்டும்தான் இருந்தது.

கிராஃப்ட் அவன் முன்னால் குனிந்தார். "நீயே சொல்லு தம்பி. ஜெபமா?"

"இல்ல சார்." சொல்லிவிட்டு இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டான். "பண்ணியிருக்கணும். மூச்சு வந்தாத்தானே சார் ஜெபம் வரும்? செத்துட்டேன்னே நெனச்சேன்."

"நாசமாப் போச்சு" என்று குவின்டன் தலையில் கைவைத்தான்.

கிராஃப்ட் நிமிர்ந்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"சார், ஒரு நிமிஷம்."

ஆர்ச்சி டில்லார்ட். அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. சமிசோனிக்கு நாலு முழம் தள்ளி அவனும் மல்லாந்து கிடந்தான். அவனையும் ஒருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

"இவன் கொண்டாடினான்னா, நான் எதக் கொண்டாடினேன் சார்? நானுந்தான் இங்க கெடக்கேன். எங்க கட்சிக்கு இதுல கொண்டாட ஒரு எழவும் இல்லயே. எங்கள மாதிரி உடம்பு அறுபது கஜம் ஓடினா இப்படித்தான் சார் விழும்."

பைலட்ஸ் பக்கத்திலிருந்து "டில்லார்ட்! நீ யார் கட்சிடா?" என்று ஒரு கூச்சல் வந்தது.

"மூச்சு வாங்குற கட்சி, கோச்!" என்றான் அவன்.

கிராஃப்டின் உதடு ஒருகணம் கோணியது. கிடந்தவர்கள் இருவர் என்பதை அவர் இப்போதுதான் பார்த்தார். போட்ட கொடியைத் திரும்ப எடுப்பது நடுவருக்குச் சின்ன விஷயமல்ல. எழுபதாயிரம் பேர் பார்க்கிறார்கள். மேலிடத்தில் அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். அவர் வெள்ளைத் தொப்பி போட்ட தலைமை நடுவரிடம் நடந்து போனார். "நான் அவசரப்பட்டுட்டேன் மார்வின்" என்று அவர் சொன்னது சமிசோனியின் காதில் விழுந்தது. பிறகு திரும்பி வந்து, தானே குனிந்து கொடியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஒலிபெருக்கி, குற்றம் எதுவும் இல்லை என்றது.

ஆட்டம் தொடர்ந்தது. மில்லர்ஸ் மூன்று புள்ளி முன்னால். பைலட்ஸ் விடவில்லை, தள்ளித் தள்ளி முன்னேறினார்கள். சமம் செய்ய, கோல் கம்பங்களின் குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் மூன்று புள்ளி தரும் ஒரு நீண்ட உதைதான் மீதி. பந்து நேராகத்தான் வந்தது. குறுக்குக் கம்பியை நெருங்கி, அதற்கு ஒரு முழம் கீழே தளர்ந்து விழுந்தது. அந்தப் பதினைந்து கஜம் இருந்திருந்தால் தாண்டியிருக்கும். அரங்கத்தில் அது தெரியாத ஆளே இல்லை.

எல்லோரும் சமிசோனியைத் தூக்கப் பார்த்தார்கள். அது முடியாது என்று விட்டுவிட்டார்கள். அவன் கண்கள் டில்லார்டைத் தேடின. தன் அணிக்காரர்கள் யாரும் பக்கத்தில் வராமல், தலைக்கவசத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் தனியாக நடந்துகொண்டிருந்தான். சமிசோனி போய் அவன் தோளில் கை போட்டான். எதிரணியின் உடைமாற்றும் அறை வாசல்வரை இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.

"எனக்காக உனக்குத் திட்டு" என்றான் சமிசோனி.

"நீ ஜெபம்னு சொல்லியிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். உண்மையச் சொல்லிட்டு அங்க உக்காந்திருந்தியா, பாத்துட்டுச் சும்மா கெடக்க முடியல. எங்கம்மா டிவில பாத்துட்டு இருப்பாங்க வேற."

வாசலில் நிருபர்கள் மைக்குகளோடு காத்திருந்தார்கள். "ஆர்ச்சி! உங்க அணி தோத்ததுக்கு நீங்கதான் காரணமா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆஷ்பி வந்தான். கண்கள் சிவந்திருந்தன. டில்லார்டின் மார்பில் கைவைத்து மெல்லப் பின்னால் தள்ளிவிட்டு, மைக்குகளுக்கு முன்னால் தான் நின்றான்.

"பந்தக் கீழ விட்டவன் நான். அவன் ஓடினது என் தப்பச் சரிக்கட்ட. கேள்விய எங்கிட்டக் கேளுங்க" என்றான். பிறகு திரும்பி, "நீ உள்ள போ ஆர்ச்சி, சூப் ஆறிடும்" என்றான்.

டில்லார்ட் உள்ளே போனான். அங்கே பெஞ்சில் அணிக்காரன் ஒருவன் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுப்பதை, கதவு மூடுவதற்குள் சமிசோனி பார்த்தான்.