பவர் ஸ்டியரிங் புல்லியும் ஒரு கருவாடும்

1

இந்தக் கதை பிறந்தது என் முட்டாள்தனத்தில். இப்போதே ஒப்புக்கொண்டுவிட்டால் நீங்கள் கண்டுபிடித்துச் சிரிக்கும் சிரமம் மிச்சம். என் பெயர் க்வாக் பியோங்-து. தென்கொரியாவில் தேகு நகரில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் கதை எழுதக் கற்கிறேன். இரண்டிலும் எனக்கு ஒரே கோளாறுதான்: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிவதற்குள் எதையாவது கழற்றி மாற்றிவிடுவேன்.

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு..." (கொட்டவில்லை. வரியை அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: பியோன் அம்மா தன் மகன் ஜே-உக்கின் பழைய காரைக் கொண்டுவந்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வீலென்று கத்தியது. பெல்ட்தான் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தேன். நான்காம் நாள் வண்டி திரும்பி வந்தது.

"என்னப்பா க்வாக், பெல்ட்ட மாத்துனியா, இல்ல தொடச்சு மாட்டுனியா?"

3

இந்த முறை பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைக் கழற்றினேன். (இதை மூன்று பக்கம் எழுதியிருந்தேன். வகுப்பில் இருவர் தூங்கிவிட்டார்கள்.) புல்லிக்குப் பின்னால், தண்டைச் சுற்றி வெள்ளை நூல் இறுகிக் கிடந்தது. எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் சீல் வளையத்தை அது அறுத்திருந்தது. எண்ணெய் கசிந்து பெல்ட் வழுக்கியிருக்கிறது. இப்படியே விட்டிருந்தால் ஏதோ ஒரு வளைவில் ஸ்டியரிங் கல்லாகியிருக்கும்.

நூலின் மறுமுனை, பானட்டுக்கு அடியில் பியோன் அம்மா கட்டிவைத்த கருவாட்டில் இருந்தது.*

* விபத்து வராமலிருக்க எங்கள் ஊரில் நூல் சுற்றிய கருவாட்டைக் காரில் கட்டுவோம். என் காரிலும் இருக்கிறது, டிக்கியில். சிரிக்காதீர்கள்.

4

ஆயில் சீல் வளையத்தையும் பெல்ட்டையும் மாற்றினேன். புல்லியைச் சுத்தியலால் அடிக்காமல் அதற்கான கருவியால் அழுத்தி ஏற்றி, நேராக நிற்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தேன். சத்தம் போய்விட்டது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பியோன் அம்மா ஒரு பொட்டலத்தோடு வந்துவிட்டார்.

"பழசுக்கு சக்தி போயிடுச்சு. அதான் வண்டி அலறியிருக்கு. இது பெரிய மீனு, நூலும் ரெட்டை. ஜே-உக் நாளைக்கு மலைப்பாதையில போறான்."

"டிக்கியில கட்டட்டுமாம்மா?"

"டிக்கியில கட்டுனா பின்னாடி வர்றவனத்தான் காப்பாத்தும். முன்னாடி கட்டு." பிறகு குரல் இறங்கியது. "அவங்க அப்பா வண்டியில நான் கட்டல. மறந்துட்டேன்."

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். கட்டாததால் கணவர் போனார், கட்டியதால் மகன் போயிருப்பான். இதைக் கேட்டபிறகு அந்த அம்மா எங்கே போவார்?

முடிவு இரண்டு: இப்போது கட்டிவிட்டு, அவர் தலை மறைந்ததும் கழற்றிவிடுகிறேன். ஜே-உக் போய்ச் சேரும்வரை எனக்குச் சோறு இறங்காது. அடுத்த வருடம் அவரே வந்து இன்னொன்று கட்டுவார்.

முடிவு மூன்று: (கிழித்துவிட்டேன். அதில் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன்.)

6

பானட் திறந்திருக்கிறது. மீன் என் கையில். முடிச்சை ஒழுங்காகப் போடுகிறேனா என்று பியோன் அம்மா பக்கத்திலேயே நின்று பார்க்கிறார். சத்தம் எங்கிருந்து வந்தது என்று வாழ்க்கையில் இந்த ஒரு முறைதான் எனக்குச் சரியாகத் தெரியும். வாய்தான் வரமாட்டேன் என்கிறது.

நீங்கள் சொல்லுங்களேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.