அடையாற்று வாய்

புரட்டாசிக் கடைசியில், அடையாற்றின் வாயை அடைத்துக் கிடந்த மணல்மேட்டை மழைக்கு முன் வெட்டிவிட மண்வெட்டிகளோடு வந்தவர்களை நான்தான் தடுத்தேன். அப்போது நான் சாந்தோமில் பூகோள வாத்தியார். இரண்டு வருஷமாக அந்த மேட்டில் ஒரு சவுக்குக் கம்பை நட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் போய், மணல் எவ்வளவு ஏறியிருக்கிறதென்று நோட்டில் குறித்துவந்தேன். தெற்குக் காற்று அடிக்கும்வரை கடல் மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். வெட்டிய வாய் நாலே நாளில் தூர்ந்துவிடும். வாடைக்காற்று வந்தால் மணலின் போக்கும் திரும்பிவிடும். தெரிந்ததைச் சொல்லாமல் வாத்தியாரால் இருக்க முடியுமா?

“பத்து நாள் பொறுங்க. இப்ப வெட்டினா வீண் வேலை,” என்றேன்.

ஆற்றங்கரைக் குடிசைகளில் மண்ணாங்கட்டி என்பவன் சொன்னால் சொன்னதுதான். வருஷாவருஷம் முதல் வெட்டு அவனுடையது. நோட்டை வாங்கிப் பார்த்தான்; படிக்கத் தெரியாது. ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டபடி திரும்பினான். மற்றவர்களும் போனார்கள். அன்று எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஏழாம் நாள் மழை பிடித்தது. காற்று இன்னும் திரும்பவில்லை. கடலுக்குப் போக வழியில்லாத ஆறு குடிசைகளுக்குள் புகுந்தது. ஆடுகளை அவிழ்த்துவிடப் போன மண்ணாங்கட்டியை இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தார்கள். அது நாற்பத்து மூன்றாம் வருஷம். ஏட்டுச் சுரைக்காய் என்று யாராவது முகத்துக்கு நேரே திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் திட்டவில்லை.

மறுவருஷம் முதல் வெட்டை அவன் மனைவி வேலம்மா வெட்டினாள். என்னை யாரும் கேட்கவில்லை. நாலாம் நாள் தூர்ந்தது, மறுபடி வெட்டினார்கள். அதுவும் தூர்ந்தது. மூன்றாம் தடவை பக்கத்தில் போய் நின்றேன்.

“மணல் மூடிக்கிட்டே இருக்கேம்மா,” என்றேன்.

“மூடத்தான் மூடும் சார். எங்களுக்குத் தெரியாதா? மூட மூட வெட்டிக்கினே இருந்தாத்தான் மேடு கெட்டிப்படாம கீது. மழை வர்ற அன்னிக்கு ஆறே பிச்சிக்கினு பூடும்.” அவள் குனிந்தபடியே இருந்தாள். “எங்க வூட்டு ஆளுக்கும் தெரியும். படிச்சவரு சொல்றாரேன்னு கம்முனு வந்துட்டுது.”

செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே கிடந்த மண்வெட்டி ஒன்றை எடுத்தேன். அவள் தன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். முழங்கால் ஆழ வாய்க்காலில் தண்ணீர் கடலைப் பார்த்து மெல்ல நகர்ந்தது. தெற்கிலிருந்து ஓர் அலை வந்து, ஒரு பிடி மணலை அதன் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனது. அள்ளி எறிந்தேன். அடுத்த அலை வந்தது.